ஒரு கண்டம் முறிந்தால் இரண்டு கரைகள்

சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில், அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளும் ஒரே கண்டத்தின் முறிந்த விளிம்புகள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அந்த வரியைப் பற்றிக்கொண்டு கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. ஆகவே இந்த முறை வேறு எந்தப் பொருளையும் தொடாமல், கண்டங்கள் பிளப்பதையும் பிளந்தபின் எஞ்சும் விளிம்புகளையும் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வரைபடத்தில் ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் கத்தரித்துச் சேர்த்துப் பார்த்தேன். பிரேசிலின் முனை கினி வளைகுடாவுக்குள் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் சரியாக ஒட்டவில்லை. சில இடங்களில் இடைவெளி, சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று. இதை எப்படி விளக்குவது?

பதில்: நீங்கள் கத்தரித்தது கடற்கரையை. கண்டம் முடிகிற இடம் கடற்கரை அன்று. கடல் மட்டம் சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கடற்கரை இடம் மாறிவிடும். கண்டத்தின் உண்மையான ஓரம் நீருக்கு அடியில், கண்டத்திட்டு முடிந்து கண்டச்சரிவு இறங்கும் பகுதியில் இருக்கிறது. 1965-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் புல்லார்டும் அவருடைய சக ஆய்வாளர்களான எவரெட், ஸ்மித் ஆகியோரும் 500 பாகம் ஆழக் கோட்டை, அதாவது சுமார் 900 மீட்டர் ஆழத்தில் செல்லும் கோட்டை, கண்டத்தின் ஓரமாக எடுத்துக்கொண்டு, கணினியின் துணையால் அட்லாண்டிக்கின் இரு பக்கங்களையும் பொருத்திப் பார்த்தார்கள். கடற்கரையை வைத்துச் செய்வதைவிட அது பல மடங்கு நன்றாகப் பொருந்தியது.

அப்போதும் சில இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அவற்றுள் முக்கியமானது நைஜர் ஆற்றின் கழிமுகம். அந்தக் கழிமுகம் கண்டங்கள் பிரிந்தபிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் வளர்ந்தது. பிரிவுக்கு முன் இல்லாத நிலம் அது. அதைக் கழித்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். வேறொரு காரணமும் உண்டு, அது இன்னும் ஆழமானது. கண்டம் பீங்கான் தட்டு உடைவதைப்போல் பளிச்சென்று முறிவதில்லை. முறிவதற்கு முன் பல லட்சம், சில இடங்களில் பல கோடி ஆண்டுகள் இழுபட்டு மெலிகிறது. இழுபட்ட ஓரம் தன் பழைய அகலத்தைவிட நீண்டிருக்கும். அந்த நீட்சியைச் சுருக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் எந்தப் பொருத்தமும் முழுமையாகாது. இவ்வாறு ஒரே பிளவிலிருந்து பிறந்து, இன்று கடலின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரண்டு ஓரங்களைத்தான் இணை விளிம்புகள் என்கிறோம்.

கேள்வி: முப்பது, நாற்பது கிலோமீட்டர் தடிமனுள்ள பாறையைக் கிழிக்கும் விசை எங்கிருந்து வருகிறது?

பதில்: முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்பது மேலோட்டின் தடிமன் மட்டுமே. அதன் அடியில், மேலோட்டுக்கும் பூமியின் கருவுக்கும் இடையே இருக்கும் அடுக்கைக் கவசம் என்கிறோம்; அதன் மேற்பகுதியில் குளிர்ந்து இறுகிய கவசப் பாறையும் சேர்ந்துதான் பாறைக்கோளம் என்ற கெட்டியான தட்டாகிறது. கண்டங்களின் கீழ் அது நூறு கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அதைக் கிழிக்கும் விசை பெரும்பாலும் தொலைவிலிருந்தே வருகிறது. எங்கோ ஒரு பெருங்கடலின் ஓரத்தில் பழைய, கனத்த கடல்தளம் பூமிக்குள் அமிழும்போது, தன்னோடு சேர்ந்த தட்டையும் இழுக்கிறது. சில இடங்களில் கவசத்திலிருந்து மேலேறும் வெப்பப் பாறை தட்டை அடியிலிருந்து உப்பச் செய்து, உச்சியிலிருந்து இரு பக்கமும் சரிய வைக்கிறது. எத்தியோப்பியாவின் உயர்ந்த மேட்டுநிலமும், ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவிய எரிமலைக் குழம்பும் இதற்குச் சான்று.

ஆனால் இந்த இரண்டு விசைகளும் சேர்ந்தாலும், பழமையான, குளிர்ந்த, தடித்த தட்டைக் கிழிக்கப் போதுமா என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கே உண்டு. அதற்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. இரண்டும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, கண்டம் எங்கும் ஒரே வலிமை உடையதன்று. பழங்காலத்தில் இரண்டு கண்டங்கள் மோதி ஒட்டிய தையல் வடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளவு வழி தேடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு தான்சானியாவின் மிகப் பழைய, கெட்டியான கண்டக் கருவை நெருங்கியதும் அதை ஊடுருவாமல், கிழக்குக் கிளை, மேற்குக் கிளை என இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போவதை எந்த வரைபடத்திலும் பார்க்கலாம்.

இரண்டாவது, மாக்மா. உருகிய பாறை ஆழத்திலிருந்து செங்குத்தான சுவரைப்போல் தட்டுக்குள் பாய்ந்து தன் அழுத்தத்தாலேயே அதை விரியச் செய்தால், வெறும் இழுவையால் முறிப்பதற்குத் தேவையான விசையில் ஒரு பகுதியே போதும். இதை மனிதர்கள் நேரில் அளந்தும் விட்டார்கள். 2005 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், தபாஹு எரிமலைக்கு அருகே, சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு மாக்மா நிலத்துக்குள் பாய்ந்தது. சில வாரங்களுக்குள் நிலம் சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. அங்கே தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகுகின்றன என்று கொண்டால், நானூறு ஆண்டுகளின் விலகலை நிலம் ஒரே தவணையில் தீர்த்துக்கொண்டது என்று பொருள்.

கேள்வி: மேலோடு மெலிந்தால் அடியிலிருந்து வெப்பமான பாறை மேலே வரும்; வெப்பம் பொருளை விரியச் செய்யும். அப்படியானால் பிளவு நடந்த இடம் மேடாக வேண்டும். அது எப்படிக் கடலுக்குள் இறங்குகிறது?

பதில்: கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் எதிரெதிராக வேலை செய்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் மறைவதில்லை என்பதே புதிரின் திறவுகோல்.

கண்ட மேலோடு கவசத்தைவிட இலேசானது. தடித்த மேலோடு உயர்ந்து மிதக்கும்; மெலிந்த மேலோடு தாழ்ந்து மிதக்கும். ஆகவே இழுபட்டு மெலிந்த உடனேயே நிலம் இறங்குகிறது. அதே வேளையில், மெலிந்த தட்டின் அடியில் ஏறிவந்த வெப்பப் பாறை, விரிந்து இலேசாக இருப்பதால், அந்த இறக்கத்தை ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. மேலோட்டின் மெலிவு நிலையானது, வெப்பமோ தற்காலிகமானது. பிளவு முடிந்தபிறகு அந்த வெப்பம் மெல்ல மெல்ல வெளியேற, பாறை சுருங்கிக் கனக்க, விளிம்பு மீண்டும் இறங்கத் தொடங்குகிறது. இந்த இரண்டு கட்ட இறக்கத்தையும் 1978-இல் புவி இயற்பியலாளர் டான் மெக்கென்ஸி எளிய கணக்காக எழுதிக் காட்டினார். அவருடைய கணக்கில் எல்லாமே ஓர் எண்ணைப் பொறுத்தது: தட்டு தன் பழைய அகலத்தைப்போல் எத்தனை மடங்கு நீண்டது என்ற நீட்சி மடங்கு. 35 கிலோமீட்டர் மேலோடு இரண்டு மடங்கு நீண்டால் பதினேழரை கிலோமீட்டராக மெலியும். அதிலிருந்து முதல் இறக்கம் எவ்வளவு, பின்னால் வரப்போகும் இறக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். இரண்டாம் கட்டம் முதலில் விரைவாகவும் பிறகு தளர்ந்தும் செல்லும்; அதன் பெரும்பகுதி முடிய ஆறு கோடி ஆண்டுகளாவது பிடிக்கும்.

இறங்கும் பள்ளத்தில் ஆறுகள் வண்டலைக் கொட்ட, வண்டலின் எடை பள்ளத்தை மேலும் அழுத்துகிறது. ஆகவேதான் அட்லாண்டிக்கின் பல ஓரங்களில் படிவுகள் பத்து கிலோமீட்டர் அளவுக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்குகளைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இரண்டு கட்டங்களும் கண்ணுக்கே தெரியும். அடியில் பிளவுக் காலத்தில் சாய்ந்துபோன பாறைத் துண்டுகளும் அவற்றின் இடுக்குகளில் நிரம்பிய ஆப்பு வடிவப் படிவுகளும் இருக்கும். அதற்குமேல், எந்த முறிவும் இல்லாமல், இரு பக்கமும் பரந்து மூடும் மட்டமான படிவுகள் இருக்கும். அடி குறுகி மேல் விரிந்த அந்த வடிவத்துக்கு ஆய்வாளர்கள் காளைத் தலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கொம்புகள் இரண்டும் மேல் அடுக்கின் இரு ஓரங்கள்.

கேள்வி: ஒரே பிளவில் பிறந்த இரண்டு விளிம்புகள் என்றால், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்குமா?

பதில்: வந்த கேள்விகளில் என்னை நீண்ட நேரம் உட்கார வைத்தது இதுதான். சுருக்கமான விடை: இருக்காது, எப்போதாவது இருந்தால் அது விதிவிலக்கு.

மெக்கென்ஸியின் கணக்கு தட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இழுக்கிறது. அப்படி நடந்தால் முறிவு நடுவில் விழும். இரு விளிம்புகளும் ஒரே அகலத்தோடு, ஒரே மெலிவோடு இருக்கும். 1985-இல் நிலவியலாளர் பிரையன் வெர்னிக்கி வேறொரு படத்தை வரைந்தார். தட்டின் ஊடே மிகக் குறைந்த சரிவுடைய ஒரு பெரிய பிளவுப்பெயர்ச்சி, அதாவது பாறை முறிந்து ஒருபுறம் சறுக்கி இறங்கும் தளம், மேற்பரப்பிலிருந்து கவசம்வரை சாய்வாக இறங்குகிறது என்பது அவருடைய கருத்து. அந்தத் தளத்தின்மேல் இருக்கும் பகுதி ஒரு பக்கமும், கீழே இருக்கும் பகுதி மறுபக்கமும் உருவப்படுகின்றன. அடுத்த ஆண்டே லிஸ்டர், எதெரிட்ஜ், சைமண்ட்ஸ் ஆகிய மூவரும் இதைக் கண்ட விளிம்புகளுக்குப் பொருத்தினார்கள். இதன்படி ஓர் இணையில் ஒரு விளிம்பு மேல்தட்டு, மற்றது கீழ்த்தட்டு. மேல்தட்டு விளிம்பு குறுகலாகவும் அதிகம் முறியாமலும் இருக்கும். கீழ்த்தட்டு விளிம்பு அகலமாக, சாய்ந்த பாறைத் துண்டுகள் நிறைந்து, அடி ஆழத்துப் பாறைகளை வெளியே காட்டிக்கொண்டு இருக்கும்.

படம் அழகாக இருந்தது. சிக்கல் எங்கே வந்ததென்றால், ஆய்வாளர்கள் பல இணைகளை அளந்து பார்த்தபோது, இரண்டு விளிம்புகளுமே மேல்தட்டைப்போல் நடந்துகொண்டன. மேலே முறிவுகள் அதிகமில்லை. ஆனால் அடியில் மேலோடு மிகவும் மெலிந்து, விளிம்பு ஆழமாக இறங்கியிருந்தது. இரண்டுமே மேல்தட்டு என்றால் கீழ்த்தட்டு எங்கே போயிற்று? மேல்தட்டுப் புதிர் என்று அழைக்கப்படும் இது, ஒரே ஒரு சாய்வான தளத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை அசைத்தது. மேல் மேலோடும் கீழ் மேலோடும் ஒரே அளவு நீள வேண்டியதில்லை, வெப்பமான கீழ் மேலோடு வேறிடத்துக்கு நழுவிப்போகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

எந்த வாதத்தையும் கடலடிப் பாறையிடம் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதற்கு ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்ட இணை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கு விளிம்பும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து விளிம்பும். இந்த இரண்டிலும் எரிமலைக் குழம்பு குறைவு, வண்டலும் ஒப்பளவில் குறைவு; ஆகவே அடித்தளம் துளைக்கருவிக்கு எட்டும். ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் 1985-இல் ஸ்பெயினின் கலீசியாவுக்கு அப்பாலும், 1993, 1997 ஆகிய ஆண்டுகளில் அதற்குத் தெற்கேயும், 2003-இல் எதிர்க்கரையான நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலும் கடலடித்தளத்தைத் துளைத்தது. கண்டம் முடிந்து, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் கடல்தளப் பாறையான பசால்ட் தொடங்க வேண்டிய இடத்தில், ஐபீரியப் பக்கம் கிடைத்தது கண்டத்துக்குரிய கிரானைட்டும் இல்லை, பசால்ட்டும் இல்லை, செர்பென்டினைட். அதாவது கவசத்தின் பெரிடோடைட் பாறை, கடல்நீரோடு வினைபுரிந்து பச்சையாக மாறியது. கண்டமும் இல்லாமல் கடல்தளமும் ஆகாமல், பூமியின் கவசமே கடலடியில் திறந்து கிடக்கும் அகன்ற பட்டை அது. எதிர்க்கரையிலும் கவசப் பாறை கிடைத்தது. ஆனால் இரு பக்கத்து மேலோட்டின் மெலிவும் அகலமும் ஒன்றாக இல்லை.

கவசம் எப்படி வெளியே வந்தது என்பதற்கு இப்போது ஓரளவு ஒத்த கருத்து இருக்கிறது. மேலோடு பத்து கிலோமீட்டர் அளவுக்கு மெலிந்துவிட்டால், முன்பு அடியில் மெத்தென்று நழுவிக்கொண்டிருந்த பகுதியும் குளிர்ந்து முறியும் தன்மை பெறுகிறது. அப்போது பிளவுப்பெயர்ச்சிகள் மேலோட்டை முழுவதுமாக ஊடுருவிக் கவசத்தைத் தொடும்; கடல்நீரும் அவற்றின் வழியே இறங்கும். நீர் பட்ட பெரிடோடைட் செர்பென்டினைட் ஆகி வழுக்கத் தொடங்கும். அந்த வழுக்குத் தளத்தின்மீது மேலோட்டின் கடைசித் துண்டுகள் சறுக்கி விலக, அடியிலிருந்த கவசம் வெளியே இழுக்கப்படுகிறது.

சமச்சீரின்மைக்கு அண்மைக் காலத்தில் சொல்லப்படும் இன்னொரு விளக்கம், பிளவே இடம் பெயர்கிறது என்பது. ஒரே பெரிய தளத்துக்குப் பதிலாக, ஒரு பிளவுப்பெயர்ச்சி ஓய்ந்ததும் அதற்குப் பக்கத்தில் அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று ஒரே திசையில் வரிசையாகப் பிறக்கின்றன. பிளவு நகர்ந்து செல்லும் பக்கத்து விளிம்பு குறுகலாகவும், அது விட்டுவிட்டு வந்த பக்கத்து விளிம்பு மெலிந்து அகன்றும் எஞ்சுகின்றன. 2014-இல் சாஷா புரூனேயும் சக ஆய்வாளர்களும் கணினி மாதிரிகளில் இதை நிகழ்த்திக் காட்டி, அங்கோலாவின் அகன்ற விளிம்பையும் எதிரே பிரேசிலின் காம்போஸ் படுகையின் குறுகிய விளிம்பையும் அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார்கள். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருப்பதற்குக் காரணம், பிளவு நகரும்போது ஒரு தட்டின் பாறை மறு தட்டோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான். ஆகவே எந்த விளிம்பையும் தனியே வைத்து அது இழந்ததைக் கணக்கிட முடியாது. கணக்கின் மறுபக்கம் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

கேள்வி: கவசப் பாறை மேலே ஏறினால் உருகி எரிமலைக் குழம்பாக வேண்டாமா? ஐபீரியாவில் குழம்பு குறைவு என்கிறீர்களே?

பதில்: ஏறும் கவசம் உருகுவது அழுத்தம் குறைவதால். சூடேற்ற வேண்டியதில்லை, அழுத்தம் தளர்ந்தால் உருகத் தேவையான வெப்பநிலையும் குறைந்துவிடும். ஆனால் மிக மெதுவாக ஏறினால், உருகுவதற்கு முன்பே வெப்பத்தை மேலே இழந்து ஆறிவிடும். ஐபீரியா–நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். மாறாக, கவசம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தாலோ, விலகல் விரைவாக இருந்தாலோ, குழம்பு வெள்ளமாகவே வரும். சுமார் 5 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தும் நார்வேயும் பிரிந்தபோது அப்படி நடந்தது. அங்கே நிலப்பரப்பில் ஓடிப் பரவிய குழம்பு அடுக்கடுக்காக உறைந்து, விளிம்பு இறங்க இறங்கக் கடல் பக்கமாகச் சாய்ந்து புதைந்துவிட்டது. நில அதிர்வலைகளை எதிரொலிக்கச் செய்து எடுக்கும் படங்களில் இந்தச் சாய்ந்த அடுக்குகள் தெரிந்தால், இது எரிமலை மிகுந்த விளிம்பு என்று சொல்லிவிடலாம்.

தென் அட்லாண்டிக் இரண்டு வகையையும் ஒரே கடலில் காட்டுகிறது. அதன் தென்பாதியில் எரிமலை மிகுந்த விளிம்புகள். பிரிவுக்குச் சற்றே முன்பு, சுமார் 13 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குழம்பு வெள்ளத்தின் பெரும்பகுதி பிரேசிலின் பரானா பகுதியிலும், சிறுபகுதி நமீபியாவின் எடெண்டேகாவிலும் கிடக்கிறது. பங்கீட்டில் இங்கேயும் சமத்துவம் இல்லை. அந்தக் குழம்பைத் தந்த, கவசத்திலிருந்து தூணைப்போல் மேலேறிய வெப்பப் பாறையோடு தொடர்புபடுத்தப்படும் இரண்டு கடலடி மேடுகள், ஆப்பிரிக்கப் பக்கம் வால்விஸ் தொடரும் அமெரிக்கப் பக்கம் ரியோ கிராண்டே மேடும்.

கேள்வி: ஒரு பெருங்கடல் பிறந்தது இந்த ஆண்டுக் கணக்கில் என்று எப்படித் திட்டவட்டமாகச் சொல்கிறார்கள்?

பதில்: அவ்வளவு திட்டவட்டமாகச் சொல்ல முடிவதில்லை என்பதே உண்மை. கடல்தளத்துப் பசால்ட் உறையும்போது அந்தக் காலத்துக் காந்தப்புலத்தின் திசையைப் பதிந்துகொள்கிறது. அந்தத் திசை அவ்வப்போது தலைகீழாக மாறுவதால் பதிவு பட்டை பட்டையாக அமைகிறது; அந்தக் காந்தப் பட்டைகளில் மிகப் பழையது எதுவோ அது கடல் பிறந்த காலத்தைக் காட்டும். ஆனால் நடுவே கவசம் திறந்து கிடக்கும் பட்டையில் காந்தப் பதிவு குழப்பமானது. டைனோசர்கள் வாழ்ந்த யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெடேஷியஸ் காலத்தில் ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகள் காந்தப்புலம் திசை மாறவே இல்லை. அந்த இடைவெளியில் திறந்த கடலுக்குப் பட்டையே கிடையாது. தென் அட்லாண்டிக்கின் வடபகுதி அந்த வகை.

மேலும், கடல் ஒரே நாளில் நீளம் முழுவதும் திறப்பதில்லை. தென் அட்லாண்டிக் தெற்கிலிருந்து வடக்காகத் திறந்துகொண்டே போயிற்று. தென்முனைக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதிக்கும் இடையே பிறந்த காலத்தில் 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் வேறுபாடு உண்டு. செங்கடலில் இது இன்றும் நடக்கிறது. பிளவு அங்கே ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. தென்பகுதியில் கடல்தளம் விரியத் தொடங்கிச் சுமார் 50 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வடபகுதியின் அடியில் இருப்பது மெலிந்த கண்டமா, புதிய கடல்தளமா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

கேள்வி: ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளக்கிறது என்று ஒரு காணொளி சில ஆண்டுகளுக்கு முன் பரவியது. எல்லாப் பிளவும் கடலாகிவிடுமா?

பதில்: அந்தக் காணொளி 2018 மார்ச்சில் கென்யாவில், கனமழைக்குப் பிறகு நிலத்தில் திறந்த ஒரு பெரிய வெடிப்பைக் காட்டியது. தளர்ந்த எரிமலைச் சாம்பல் மண்ணை அடியில் நீர் அரித்துச் சென்றதால் மேல் மண் உள்வாங்கியது என்பதே பல நிலவியலாளர்களின் முடிவு. ஆப்பிரிக்கா பிளப்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். ஒரே இரவில் சாலையை விழுங்கும் வேகம் அதற்குக் கிடையாது.

எல்லாப் பிளவும் கடலாவதில்லை. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே பெரும் பிளவு ஒன்று தொடங்கி, ஏராளமான குழம்பைக் கக்கி, பாதியில் நின்றுவிட்டது. சுப்பீரியர் ஏரி அதன் மேல் அமைந்திருக்கிறது. வட கடலின் அடியில் ஒரு பிளவு ஓய்ந்து கிடக்கிறது. தென் அட்லாண்டிக் திறந்தபோது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த ஒரு கிளைதான் நைஜீரியாவின் பெனுவே பள்ளம். அதுவும் தோற்றுப்போன பிளவு. தோற்ற பிளவுகள் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. 1811–12-இல் மிசிசிப்பி ஆற்றோரத்தில் நியூ மாட்ரிட்டை உலுக்கிய நிலநடுக்கங்கள், இப்படிப் புதைந்த ஒரு பழைய பிளவின்மேல்தான் நிகழ்ந்தன.

கேள்வி: இப்படிக் கண்டம் பிளந்து எஞ்சிய ஓரங்களைச் செயலற்ற விளிம்புகள் என்கிறார்கள். அங்கே நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வரவே வராதா?

பதில்: செயலற்றது என்பதன் பொருள், அங்கே இரண்டு தட்டுகள் உரசவில்லை என்பது மட்டுமே, தட்டின் எல்லை நடுக்கடலுக்குப் போய்விட்டது. 1929 நவம்பர் 18 அன்று, நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் விளிம்பில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கண்டச்சரிவின் வண்டல் சரிந்து, ஆழிப்பேரலை எழுந்து, இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். சரிந்த சேறு கடலடித் தந்தி வடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு வடமும் அறுந்த நேரம் பதிவாகியிருந்ததால், சேற்று வெள்ளத்தின் வேகத்தைப் பின்னாளில் கணக்கிட முடிந்தது. நார்வேயின் விளிம்பில் சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஸ்டோரெக்கா சரிவு இன்னும் பெரியது. அது எழுப்பிய அலையின் மணல் ஸ்காட்லாந்தின் கரையோரப் படிவுகளில் கிடக்கிறது.

கேள்வி: ஒரு கரையில் எண்ணெய் கிடைத்தால் எதிர்க்கரையிலும் கிடைக்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: நல்ல ஊகம், உத்தரவாதம் அன்று. 2006-இல் பிரேசிலுக்கு அப்பால், தடித்த உப்புப் படிவுக்கு அடியில் டூபி என்ற பெரிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. அந்த உப்பு, கண்டங்கள் முழுதாகப் பிரியும் தறுவாயில், ஒடுங்கிய கடலில் நீர் ஆவியாகிப் படிந்தது. அதன் மறுபாதி அங்கோலாவுக்கு அப்பால் இருக்கிறது. இயல்பாகவே தேடுவோரின் கண் அங்கே திரும்பியது. 2007-இல் கானாவுக்கு அப்பால் ஜூபிலி வயல் கிடைத்தபிறகு, இதே தர்க்கத்தோடு எதிர்க்கரையான பிரெஞ்சு கயானாவுக்கு அப்பால் 2011-இல் துளையிட்டு எண்ணெயைக் கண்டார்கள். ஆனால் தொடர்ந்து போட்ட கிணறுகள் ஏமாற்றிவிட்டன. பிளவுக் காலத்து ஏரியும் உப்பும் இருவருக்கும் பொது. அதன்பின் எந்த ஆறு எங்கே மணலைக் கொட்டியது, எந்தப் பக்கம் எவ்வளவு சூடாக இருந்தது என்பது அவரவர் தனிக் கதை.

கேள்வி: இவற்றையெல்லாம் கப்பலும் துளைக்கருவியும் இல்லாமல் நிலத்தில் நின்று பார்க்க வழியுண்டா?

பதில்: உண்டு; ஆனால் மலையேற வேண்டும். ஜுராசிக் காலத்தில் ஐரோப்பாவுக்கும் அதன் தெற்கே இருந்த ஆட்ரியா என்ற சிறு தட்டுக்கும் இடையே ஒரு கடல் திறந்தது. பின்னால் அது மூடியபோது, அதன் இரு விளிம்புகளும் நசுங்கி மடிந்து ஆல்ப்ஸ் மலையாயின. கிழக்கு சுவிட்சர்லாந்தின் எர், பிளாட்டா பகுதிகளில் ஆட்ரிய விளிம்பின் துண்டுகள் அதிகம் சிதையாமல் தப்பியிருக்கின்றன. குறைந்த சரிவுடைய பழைய பிளவுப்பெயர்ச்சித் தளத்தை எர் பகுதியில் மலைச்சரிவிலேயே காணலாம்.

பிளாட்டாவில் செர்பென்டினைட், அதன்மேல் கடலடியில் தலையணை வடிவில் உறைந்த பசால்ட், அதன்மேல் ஆழ்கடல் நுண்ணுயிரிகளின் கூடுகளால் ஆன செந்நிறப் படிவுப் பாறை என்று மூன்றும் சேர்ந்து கிடக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தே காணப்படுவதை 1905-இலேயே நிலவியலாளர் குஸ்டாவ் ஸ்டைன்மான் எழுதி வைத்தார். புவித்தட்டுகள் என்ற கருத்தே பிறக்காத காலத்தில் அதற்கு முழு விளக்கம் கிடைக்க வழியில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து ஐபீரியாவுக்கு அப்பால், சுமார் 5 கிலோமீட்டர் ஆழ நீருக்கு அடியிலிருந்து செர்பென்டினைட் மேலே வந்தபோது, ஆல்ப்ஸில் வேலை செய்து பழகிய நிலவியலாளர்களுக்கு அது முன்பே தெரிந்த பாறையாக இருந்தது.